கேபிள் செருகியும் நெட் வரவில்லையா? கீழிருந்து மேலே தேடுங்கள்

வைஃபை விட்டுவிட்டு வருகிறது என்று கேபிளுக்கு மாறுகிறோம். அந்தக் கேபிளும் கைவிட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்ற ஆரம்பிக்கிறோம்: ரவுட்டரை அணைத்துப் போடுவது, டிரைவரை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவுவது, யாரோ சொன்ன நாலு கட்டளையை அர்த்தம் தெரியாமல் அடிப்பது. சில நேரம் சரியாகியும் விடும். ஆனால் எது சரிசெய்தது என்று தெரியாததால், அடுத்த வாரம் அதே கோளாறு வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எனக்கு இதில் உறுதியான கருத்து ஒன்று உண்டு. கம்பி வழி இணைப்பில் வரும் கோளாறு எதுவாக இருந்தாலும் கீழிருந்து மேலேதான் தேட வேண்டும். முதலில் கம்பியில் தொடர்பு இருக்க வேண்டும். அதன்மேல் லேப்டாப்புக்கு ஒரு முகவரி கிடைக்க வேண்டும். அந்த முகவரியை வைத்து ரவுட்டரை எட்ட வேண்டும். ரவுட்டர் வழியாக வெளியே போக வேண்டும். கடைசியாக நாம் அடிக்கும் தளத்தின் பெயர் எண்ணாக மாற வேண்டும். கீழ்ப்படி உடைந்திருக்கும்போது மேல்படியில் என்ன செய்தாலும் வீண். டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) மாற்றிப் பார்க்கிறேன் என்று அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பவரின் லேப்டாப்பில் கேபிள் பாதி வெளியே வந்து தொங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தொடங்கும் முன் மூன்று விஷயம். வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எது வழியாக நெட் வருகிறது என்றே தெரியாமல் குழம்புவீர்கள். அதே ரவுட்டரில் இருக்கும் வேறொரு கருவியில், உதாரணமாக வைஃபையில் இருக்கும் போனில், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு நெட் வருகிறதா என்று பாருங்கள். அங்கும் வரவில்லையென்றால் லேப்டாப்பைக் குடைவதில் பயனில்லை, கோளாறு ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிப் பார்த்துப் பலனில்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

முதலில் விளக்கைப் பாருங்கள்

கேபிள் செருகும் இடத்தில், லேப்டாப்பிலோ ரவுட்டரிலோ, ஓரத்தில் ஒன்றோ இரண்டோ சின்ன விளக்குகள் இருக்கும். பெரும்பாலும் ஒன்று இணைப்பு இருப்பதைக் காட்டும், இன்னொன்று தகவல் போய்வரும்போது விட்டுவிட்டு மின்னும். நிறம் கருவிக்குக் கருவி வேறுபடும், அதனால் பச்சையா ஆரஞ்சா என்று அலட்டிக்கொள்ள வேண்டாம். எரிகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. மெலிதான லேப்டாப்புகள் பலவற்றில் விளக்கே இருக்காது, அப்போது மறுமுனையில், அதாவது ரவுட்டர் பக்கம், உங்கள் கேபிள் செருகியிருக்கும் போர்ட்டின் விளக்கைப் பாருங்கள். கேபிளை எடுத்தால் அது அணைய வேண்டும், செருகினால் சில நொடிகளில் எரிய வேண்டும்.

இரு முனையும் உயிரோடு இருந்து, இடையில் கம்பி சரியாக இருந்தால்தான் அந்த விளக்கு எரியும். அதனால் விளக்கு எரியவில்லையென்றால் விண்டோஸ் செட்டிங்ஸ் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். எரிந்தால் பெரிய பாரம் குறைந்தது, இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் விட்டுவிட்டு அறுபடும் இணைப்பு என்றால் தாண்டாதீர்கள், அந்தக் கோளாறு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

விளக்கு இல்லையா? கேபிளின் முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கட்டை, அதற்குள் வரிசையாக எட்டுப் பித்தளை நிறத் தகடுகள், மேலே வளையும் ஒரு சின்ன கிளிப். செருகும்போது அந்த கிளிப் 'க்ளிக்' என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகு கேபிளை லேசாக இழுத்தால் வரக் கூடாது. கிளிப் முறிந்திருந்தால் கட்டை உள்ளே போய் உட்கார்ந்தது போலத்தான் தெரியும், ஆனால் மேசை லேசாக ஆடினால்கூட ஒரு மில்லிமீட்டர் பின்னுக்கு வந்துவிடும். என் லேப்டாப்பில் ஒரு வாரம் முழுக்க இப்படித்தான் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. டிரைவரை இரண்டு பதிப்பு மாற்றினேன், பிறகுதான் தட்டச்சு செய்யும்போது மட்டும் அறுபடுகிறது, படம் பார்க்கும்போது அறுபடவில்லை என்பதைக் கவனித்தேன். விரல் தட்டும் அதிர்வில் கிளிப் இல்லாத கட்டை நகர்ந்துகொண்டிருந்தது. கேபிளை மாற்றியதும் முடிந்தது.

போர்ட்டின் உள்ளேயும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். எட்டு மெல்லிய கம்பிகள் சாய்வாக, ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் மடங்கியோ பக்கத்துக் கம்பியோடு ஒட்டியோ இருந்தால் கோளாறு அங்கேதான். தூசி சேர்ந்திருந்தால் லேப்டாப்பை அணைத்துவிட்டு மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள், ஊசி கொண்டு குத்த வேண்டாம்.

அப்புறம் மாற்றிப் பார்க்கும் வேலை. இதை வரிசையாகச் செய்தால் ஐந்து நிமிடத்தில் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். முதலில் ரவுட்டரில் வேறு போர்ட்டில் செருகுங்கள். விளக்கு வந்தால் பழைய போர்ட் கெட்டுவிட்டது. வரவில்லையென்றால், நிச்சயம் வேலை செய்யும் என்று தெரிந்த வேறொரு கேபிளைப் போடுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் அதே கேபிளை, அதே ரவுட்டர் போர்ட்டில் வைத்துக்கொண்டே, மறுமுனையை வேறொரு கணினியிலோ டிவியிலோ செருகுங்கள். அங்கே விளக்கு வந்தால் கேபிளும் ரவுட்டரும் சுத்தம், லேப்டாப்பின் பக்கம்தான் தேட வேண்டும். 'புதுக் கேபிள், அதனால் நல்ல கேபிள்' என்று மட்டும் நினைக்காதீர்கள். இன்னொரு கருவியில் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்த கேபிள்தான் நல்ல கேபிள்.

கேபிள் சுவருக்குள் போய் வேறு அறையில் வெளியே வருகிறதென்றால், லேப்டாப்பை ரவுட்டர் இருக்கும் இடத்துக்கே எடுத்துப்போய் ஒரு குட்டைக் கேபிளால் நேரடியாக இணைத்துப் பாருங்கள். வேலை செய்தால் சுவருக்குள் போகும் கம்பியிலோ அதன் இரு முனை சாக்கெட்டிலோ பிரச்சினை. செப்புக் கம்பிக்கு ஒரு ஓட்டத்தின் வரம்பு 100 மீட்டர். வீட்டுக்குள் அதை எட்டுவது அரிது, பெரிய கட்டடத்தில் எட்டிவிடும். நாற்காலிச் சக்கரம் ஏறி இறங்கும் இடம், கதவிடுக்கில் நசுங்கும் இடம், கூர்மையாக மடித்துக் கட்டிய இடம் இவற்றை விரலால் தடவிக்கொண்டே போங்கள். மேலுறை நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே கம்பி முறிந்திருக்கலாம்.

விளக்கு எரிகிறது, ஆனால் தப்பான போர்ட்

ரவுட்டரின் பின்னால் நாலைந்து போர்ட் வரிசையாக இருக்கும், அவற்றில் ஒன்று மட்டும் தள்ளியோ வேறு நிறத்திலோ இருக்கும். அதுதான் வெளியிலிருந்து நெட் வரும் வான் போர்ட். மற்றவை நம் கருவிகளுக்கான லேன் போர்ட்டுகள். துடைக்கும்போதோ இடம் மாற்றும்போதோ எல்லாவற்றையும் பிடுங்கித் திரும்பச் செருகியவர்கள் லேப்டாப் கேபிளை வான் போர்ட்டில் செருகிவிடுவது அடிக்கடி நடக்கும். விளக்கு அழகாக எரியும், ஆனால் நெட் மட்டும் வராது.

இன்னொன்று, ஒரே கேபிளின் இரு முனையையும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில் (ஒரு இணைப்பைப் பல போர்ட்டுகளாகப் பிரித்துத் தரும் பெட்டி) செருகிவிடுவது. மேசைக்கு அடியில் ஐந்தாறு கேபிள் பின்னிக் கிடக்கும்போது இது நேர்ந்துவிடும். சாதாரண ஸ்விட்ச் இதைத் தாங்காது. எல்லாருக்கும் என்று அனுப்பப்படும் தகவல் வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பெருகி, உங்கள் லேப்டாப் மட்டுமல்லாமல் அதில் இணைந்த எல்லாமே முடங்கிவிடும். ஸ்விட்சின் எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் வெறி பிடித்தது போல மின்னினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

லேப்டாப்புக்குத் தன் போர்ட் தெரிகிறதா

கேபிள் நல்லது, ரவுட்டர் நல்லது, ஆனாலும் விளக்கு இல்லை என்றால் இப்போது லேப்டாப்புக்குள் போகலாம். விண்டோஸில் விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும், அதில் என்சிபிஏ.சிபிஎல் என்று அடித்து என்டர் தட்டுங்கள். (கட்டளைகளையெல்லாம் இங்கே ஒலிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.) லேப்டாப்பில் இருக்கும் நெட்வொர்க் கார்டுகள் அத்தனையும் அங்கே வரும். 'ஈதர்நெட்' (கம்பி வழி இணைப்பின் பெயர்) என்பதன் மேல் சிவப்புக் குறுக்குக்கோடு இருந்தால் கேபிள் தெரியவில்லை என்று அர்த்தம். சாம்பல் நிறத்தில் மங்கி இருந்தால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள், வலது கிளிக் செய்து 'எனேபிள்' கொடுங்கள்.

ஈதர்நெட் என்ற ஒன்றே அங்கே இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற கிளையை விரியுங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தாலோ, 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழே 'ஈதர்நெட் கண்ட்ரோலர்' என்று அநாதையாக ஒன்று நின்றாலோ டிரைவர் இல்லை. புதிதாக விண்டோஸ் நிறுவிய லேப்டாப்புகளில் இது சகஜம். நெட் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டால் வேலை முடிந்தது, அல்லது வேறு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டு வாருங்கள். லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு அங்கிருந்தே எடுங்கள். 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்' என்று ஆசை காட்டும் மென்பொருள்கள் பக்கம் போக வேண்டாம் என்பது என் அழுத்தமான வேண்டுகோள்.

டிவைஸ் மேனேஜரில் எதுவுமே இல்லையென்றால் பயோஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) லேன் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு விஷயமும் உண்டு, பலருக்குத் தெரியாதது. நெட்வொர்க் சிப் சில நேரம் உறைந்துபோய்விடும், சாதாரண ரீஸ்டார்ட்டில் அதற்கு மின்சாரம் முழுதாக நிற்காததால் உறைந்தது உறைந்தபடியே கிடக்கும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் கேபிளையும் பிடுங்கி, பேட்டரி கழற்றக் கூடியதென்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள். பிறகு எல்லாவற்றையும் இணைத்து இயக்குங்கள். காணாமல் போன போர்ட் இந்த ஒரு வேலையில் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸ் பற்றி ஒரு குறிப்பு: விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தாலும் கணினி முழுதாக மூடுவதில்லை, பாதி நினைவைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. சுத்தமாகத் தொடங்க வேண்டுமென்றால் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள்.

லேப்டாப்பில் போர்ட்டே இல்லாமல் யூஎஸ்பி அடாப்டரோ டாக்கோ (லேப்டாப்புக்குக் கூடுதல் போர்ட்டுகள் தரும் பெட்டி) வைத்திருப்பவர்கள் இன்று அதிகம். அவர்களுக்குக் கூடுதலாக ஒரு கண்ணி. அடாப்டரை வேறு யூஎஸ்பி போர்ட்டில், இடையில் ஹப் எதுவும் இல்லாமல் நேரடியாகச் செருகிப் பாருங்கள். டாக்கென்றால் அதன் சொந்த மின்சாரக் கம்பியைப் பிடுங்கிப் பத்து நொடி கழித்துப் போடுங்கள். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்வதால் டாக் ரீஸ்டார்ட் ஆவதில்லை.

லினக்ஸில் டெர்மினலில் ஐபி லிங்க் என்று அடித்தால் கார்டுகளின் பட்டியல் வரும். 'நோ-கேரியர்' என்று தெரிந்தால் கம்பியில் உயிர் இல்லை. மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் பக்கத்தில் ஈதர்நெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளியின் நிறத்தைப் பார்த்தாலே போதும்.

முகவரி கிடைத்ததா

விளக்கு எரிகிறது, கார்டு தெரிகிறது, நெட் இல்லை. இனி பார்க்க வேண்டியது ஐபி முகவரி. இந்த ஒரே எண் பாதி நோயைச் சொல்லிவிடும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் /ஆல் என்று அடியுங்கள். நிறைய வரிகள் கொட்டும், பயப்பட வேண்டாம். 'ஈதர்நெட் அடாப்டர் ஈதர்நெட்' என்று தொடங்கும் பகுதியை மட்டும் தேடி அதில் ஐபிவி4 முகவரி, டிஃபால்ட் கேட்வே (அதாவது ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் சர்வர் என்ற மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஐபி அட்ரஸ், ஐபி ரூட் என்ற இரண்டு கட்டளைகளிலும், மேக்கில் நெட்வொர்க் பக்கத்தில் 'டீட்டெய்ல்ஸ்' அழுத்தி டிசிபி/ஐபி பகுதியிலும் முகவரியும் கேட்வேயும் கிடைக்கும்.

முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால், அல்லது 172.16 முதல் 172.31 வரைக்குள் இருந்தால், பெரும்பாலும் ரவுட்டர் கொடுத்தது. நல்ல செய்தி. 169.254 என்று தொடங்கினால் அது யாரும் கொடுத்ததல்ல. லேப்டாப் 'எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்' என்று கம்பி வழியே கூவிப் பார்த்து, பதிலே வராததால் தனக்குத் தானே வைத்துக்கொண்ட எண். மேக்கில் இதையே 'செல்ஃப்-அசைன்ட்' என்று காட்டும். முகவரி கொடுக்கும் வேலையைச் செய்வது ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி, அது வரை நம் கேள்வி போகவில்லை அல்லது அதன் பதில் வரவில்லை என்பதுதான் 169.254 சொல்லும் சேதி.

இதற்குக் காரணங்கள் வரிசையாக: மேலே சொன்ன வான் போர்ட் தவறு. விளக்கு எரியுமளவுக்கு நல்லதாகவும் தகவல் கடத்துமளவுக்குக் கெட்டதாகவும் இருக்கும் கேபிள். ரவுட்டரின் டிஎச்சிபி உறைந்துபோனது, இதற்கு ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போட்டால் தீரும். லேப்டாப்பில் இருக்கும் பாதுகாப்பு மென்பொருள் ஏதாவது இடைமறிப்பது. அலுவலகம், கல்லூரி போன்ற இடமென்றால் பதிவு செய்யாத கருவிக்கு அந்தப் போர்ட்டிலேயே வழி மறுக்கப்பட்டிருக்கலாம், அதை அங்குள்ள நெட்வொர்க் நிர்வாகிதான் திறந்துவிட முடியும். காரணத்தைச் சரிசெய்த பிறகு ஐபிகான்ஃபிக் /ரிலீஸ் என்றும், அது முடிந்ததும் ஐபிகான்ஃபிக் /ரின்யூ என்றும் அடித்தால் லேப்டாப் புதிதாக முகவரி கேட்கும்.

முகவரி ஒழுங்காகத் தெரிந்தும் கேட்வே வரி காலியாக இருந்தாலோ, கேட்வேயின் முதல் மூன்று எண்கள் உங்கள் முகவரியோடு பொருந்தாமல் இருந்தாலோ, பெரும்பாலும் யாரோ முன்பு கையால் எண்களை நிரப்பியிருக்கிறார்கள். வேறொரு இடத்துக்காகப் போட்ட நிலையான முகவரியை மாற்ற மறந்து லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவருவது இதற்கு வழக்கமான காரணம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போய் 'ஐபி அசைன்மெண்ட்' என்பதில் எடிட் அழுத்தி ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள். மாற்றும் முன் அங்கே இருந்த எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப அதே இடத்துக்குப் போகும்போது தேவைப்படும்.

மோடத்தில் நேரடியாக லேப்டாப்பை இணைப்பவர்களுக்குத் தனிக் குறிப்பு. பல மோடங்களும் அவற்றின் பின்னால் இருக்கும் சேவையும் முதலில் பார்த்த கருவியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண், மேக் கணினியோடு இதற்குத் தொடர்பில்லை) நினைவில் வைத்துக்கொள்ளும், வேறு கருவி வந்தால் கண்டுகொள்ளாது. அதனால் ரவுட்டரைக் கழற்றி லேப்டாப்பைச் செருகினால் மோடத்தையும் அணைத்துச் சில நிமிடம் விட்டு இயக்குங்கள். சில இணைப்புகளுக்குப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துப் பிபிபிஓஈ வழியே உள்ளே நுழைய வேண்டும். ரவுட்டர் அதை உங்களுக்காகச் செய்துகொண்டிருந்திருக்கும், லேப்டாப்புக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு படி, ஒரு பிங்

முகவரி இருக்கிறது, கேட்வே இருக்கிறது. இப்போது பிங் என்ற கட்டளை. 'இருக்கிறாயா?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் யாரைக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் கேட்வேயை. எழுதி வைத்த எண் 192.168.1.1 என்றால் பிங் 192.168.1.1 என்று அடியுங்கள். நாலு வரி பதில் வந்து, ஒவ்வொன்றிலும் நேரம் ஓரிரு மில்லிநொடிக்குள் இருந்தால் உங்கள் லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை எல்லாம் சரி. இங்கே ஒரு மாயம் இருக்கிறது, கவனமாகப் பாருங்கள். விண்டோஸில் சில நேரம் 'ரிப்ளை ஃப்ரம்' என்றே வரி தொடங்கும், ஆனால் அதன் பின்னால் வரும் எண் ரவுட்டருடையது அல்ல, உங்கள் லேப்டாப்புடைய சொந்த எண், வரியின் கடைசியில் 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று இருக்கும். அதாவது ரவுட்டரைக் காணோம் என்று லேப்டாப்பே தனக்குச் சொல்லிக்கொள்கிறது. கீழே வரும் கணக்கில் இதையும் வந்த பதிலாகச் சேர்த்து இழப்பு 0% என்று காட்டிவிடும். அந்த 0%-ஐ மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் நன்றாக இருக்கிறதே' என்று நினைத்துவிடாதீர்கள், வரியை முழுதாகப் படியுங்கள்.

கேட்வே பதில் சொன்னால் அடுத்தது வெளியே: பிங் 8.8.8.8 அல்லது பிங் 1.1.1.1. கேட்வே வந்து இது வரவில்லையென்றால் லேப்டாப்பை விட்டுவிடுங்கள், ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோதான் பிரச்சினை. போனில் வைஃபை வழியாகவும் நெட் வராதென்றால் அது உறுதி. (சில ரவுட்டர்கள் பிங்குக்குப் பதிலே சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும், கேட்வே பதில் சொல்லாமல் 8.8.8.8 மட்டும் சொன்னால் கவலைப்பட ஒன்றுமில்லை.)

8.8.8.8 பதில் சொல்கிறது, ஆனால் எந்தத் தளத்தின் பெயரைப் போட்டு பிங் செய்தாலும் 'குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட்' என்று வருகிறதென்றால், அதுதான் டிஎன்எஸ் கோளாறு. பெயரை எண்ணாக மாற்றித் தருபவர் தூங்குகிறார். ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று அடித்துப் பழைய பதிவுகளைக் கழுவிவிடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஈதர்நெட் பக்கத்திலேயே இருக்கும் டிஎன்எஸ் சர்வர் அசைன்மெண்ட்டில் 1.1.1.1 என்றும் 8.8.8.8 என்றும் கையால் போட்டுப் பாருங்கள். அலுவலக லேப்டாப்பில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், உள்ளே மட்டும் தெரியும் பெயர்கள் பிறகு வேலை செய்யாமல் போகும். இதுதான் டிஎன்எஸ் மாற்றுவதற்கான சரியான இடம். இதற்கு முந்தைய படிகளில் மாற்றுவது கால்வலிக்குக் கண் மருந்து போடுவது போல.

பிங் போகிறது, பிரவுசர் மட்டும் திறக்கவில்லை

இந்த நிலை வந்துவிட்டால் கம்பியை மறந்துவிடலாம். பிராக்ஸி (பிரவுசருக்கும் நெட்டுக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகர் சர்வர்) செட்டிங்கைப் பாருங்கள், தேவையில்லாமல் இயங்கிக்கொண்டிருந்தால் அணையுங்கள். விபிஎன் மென்பொருள் பாதியில் அறுந்து வழியை மறித்துக்கொண்டிருக்கலாம். அதைத் திறந்து முறையாகத் துண்டித்துவிட்டுப் பாருங்கள். லேப்டாப்பின் தேதியும் நேரமும் சரியா? ஆண்டு தவறாக இருந்தால் பாதுகாப்பான தளம் எதுவும் திறக்காது, சான்றிதழ் காலாவதி என்று எச்சரிக்கும்.

சில தளங்கள் திறந்து சில தளங்கள் பாதியிலேயே நின்றுவிடும் விசித்திரமும் உண்டு. பிபிபிஓஈ இணைப்புகளில் தகவல் பொட்டலத்தின் உச்ச அளவு வழக்கமான 1500-க்குப் பதில் 1492 பைட்தான், அது எங்கோ ஓரிடத்தில் சரியாகக் கையாளப்படாவிட்டால் பெரிய பொட்டலங்கள் மட்டும் காணாமல் போகும். பிங் -எஃப் -எல் 1472 8.8.8.8 என்று அடித்துப் பாருங்கள் (28 பைட் தலைப்பு சேர்ந்து 1500 ஆகும்), பிறகு 1472-க்குப் பதில் 1464 போட்டுப் பாருங்கள். முதலாவது தோற்று இரண்டாவது வென்றால் ரவுட்டரின் எம்டியு (பொட்டலத்தின் உச்ச அளவு) எண்ணை 1492 ஆக்க வேண்டும்.

நெட் வருகிறது, வேகம் இல்லை

ஈதர்நெட் பக்கத்தில் 'லிங்க் ஸ்பீட்' என்று ஒரு வரி இருக்கும், லினக்ஸில் ஈத்டூல் காட்டும். ரவுட்டரும் லேப்டாப்பும் 1000 மெகாபிட் தரக் கூடியவை, ஆனால் அங்கே 100 என்று நிற்கிறதென்றால் பத்தில் ஒன்பது முறை கேபிள்தான் என்பது என் அனுபவம். காரணம் எளிது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 1000 வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். மற்ற நான்கில் ஒன்று முறிந்தாலும் இணைப்பு சாகாது, 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மேலுறையில் அச்சடித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள், கேட்5ஈ அல்லது அதற்கு மேல் இருந்தால் 1000-க்குப் போதுமானது.

நீங்களே முனை அடித்த கேபிளென்றால் நிற வரிசையைச் சரிபாருங்கள். பரவலாகப் பயன்படும் பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். அழகாக இருக்கட்டும் என்று ஜோடி ஜோடியாக அடுக்கி, இரு முனையிலும் ஒரே மாதிரி அடித்துவிட்டால் கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், ஆனால் பிணைந்து வர வேண்டிய ஜோடி கலைந்துவிடுவதால் நீளமான ஓட்டத்தில் பிழை கொட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகிய அடாப்டர் 480 மெகாபிட்டைத் தாண்டவே முடியாது. அப்புறம், கார்டின் 'ஸ்பீட் அண்ட் டூப்ளக்ஸ்' செட்டிங்கை யாராவது 100 ஃபுல் என்று கட்டாயப்படுத்தியிருந்தால் ஆட்டோவுக்கு மாற்றுங்கள். ஒரு பக்கம் கட்டாயம், மறுபக்கம் ஆட்டோ என்றிருந்தால் ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் தகவல் போகும் நிலை) விழுந்துவிடும். பிங் நன்றாகப் போகும், பெரிய கோப்பு இறக்கும்போது மட்டும் வேகம் நத்தையாகிவிடும்.

அறுந்து அறுந்து வருகிறது

கேபிளும் கிளிப்பும் நல்லதென்று உறுதியான பிறகு மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். டிவைஸ் மேனேஜரில் கார்டை இரட்டை கிளிக் செய்தால் 'பவர் மேனேஜ்மெண்ட்' என்ற தாளில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள். 'அட்வான்ஸ்ட்' தாளில் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்' இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள். லேப்டாப் தூங்கி எழுந்த பிறகு மட்டும் இணைப்பு வராதவர்களுக்கு இந்த இரண்டும் நல்ல பலன் தரும்.

எங்கே அறுபடுகிறது என்று பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். இரண்டு கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒன்றில் பிங் -டி என்று போட்டுக் கேட்வே எண்ணையும், மற்றதில் பிங் -டி 8.8.8.8 என்றும் அடித்து ஓடவிடுங்கள். அறுபடும் நேரத்தில் இரண்டும் நின்றால் கோளாறு உங்கள் பக்கம், லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையில். கேட்வே ஜன்னல் ஓடிக்கொண்டே இருக்க வெளி ஜன்னல் மட்டும் நின்றால் கோளாறு ரவுட்டரிலோ இணைப்பு தருபவரின் பக்கமோ. நிற்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸின் 'நெட்வொர்க் ரீசெட்'டை ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை என்று கேட்கலாம். அது எல்லா நெட்வொர்க் கார்டுகளையும் அழித்துப் புதிதாக நிறுவும், சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் போகும், விபிஎன்னைத் திரும்ப அமைக்க வேண்டி வரலாம். முகவரிப் படியில் எல்லாம் பார்த்தும் 169.254 போகவில்லை, ஆனால் அதே கேபிளில் வேறு கணினி ஓடுகிறது என்றால் அப்போது செய்யுங்கள். அதற்கு முன் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து நெட்எஸ்எச் வின்சாக் ரீசெட், நெட்எஸ்எச் இன்ட் ஐபி ரீசெட் என்ற இரண்டையும் அடித்து ரீஸ்டார்ட் செய்து பார்ப்பது மென்மையான வழி.

இணைப்பு தருபவரை அழைக்க வேண்டி வந்தால் 'நெட் வரவில்லை' என்று தொடங்காதீர்கள். 'கேபிளில் விளக்கு எரிகிறது, முகவரி இது, கேட்வேக்குப் பிங் போகிறது, 8.8.8.8-க்குப் போகவில்லை, வேறு லேப்டாப்பிலும் இதே நிலை, இன்று 10.40-க்கும் 11.15-க்கும் அறுந்தது' என்று சொல்லுங்கள். ரீஸ்டார்ட் செய்தீர்களா, கேபிள் செருகினீர்களா என்ற முதல் பத்துக் கேள்விகளைத் தாண்டி, வெளியே இருக்கும் லைனைப் பார்க்க ஆள் அனுப்பும் பேச்சுக்கு நேராக வந்துவிடலாம்.